உண்டியலோடு நின்றபோது என்னிடம் பேசியவர்கள்

பிரிந்து வாழும் அப்பாக்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். நிதி திரட்டுவது என் பொறுப்பு. மருத்துவத்துக்கு, வெள்ள நிவாரணத்துக்கு என்று கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் உண்டியலைப் பார்த்ததும் கேட்கிறார்கள்: "அப்பாக்களுக்கு எதற்கு உதவி? நீங்கள் அம்மாக்களுக்கு எதிரானவர்களா?"

நியாயமான கேள்விதான். ஆரம்பத்தில் நீளமாகப் பேசுவேன், நான் முடிப்பதற்குள் கேட்டவர் நகர்ந்துவிடுவார். அப்புறம் துண்டறிக்கையின் மேலே ஒரே ஒரு விஷயத்தைப் போட்டோம். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு அது. அம்மாவையோ அப்பாவையோ பிரிந்திருக்கும் பிள்ளைக்கு, தன் நலனுக்குக் கேடு இல்லாதவரை, இருவரோடும் தொடர்ந்து உறவு வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது. உரிமை பிள்ளையுடையது. அப்பாவுக்காகக் கேட்கிறோம் என்று நினைத்திருந்த எனக்கே அது புதிதாக இருந்தது.

ஒரு தந்தையர் தினம், ஜூன் மூன்றாவது ஞாயிறு. ஒரு பெண்மணி துண்டறிக்கையை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, "அடித்தவனுக்கும் உதவுவீர்களா?" என்று கேட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீதிமன்றம் மேற்பார்வையில்தான் சந்திக்க வேண்டும் என்றால் அந்தச் சந்திப்புக்கு மட்டும் உதவுவோம். சந்திக்கவே கூடாது என்றால், அதை ஏற்றுக்கொள்ள அந்த அப்பாவோடு பேசுவோம், தாண்டிப்போக உதவ மாட்டோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "என் மகனின் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. அவர் வராத சனிக்கிழமைகளில் மகன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். அவரிடம் பயணத்துக்குக் காசில்லை, அதைச் சொல்ல வெட்கம். எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது" என்றார். நோட்டு உண்டியலின் வாயில் நுழையவில்லை. பிரித்து, நீளவாக்கில் மறுபடி மடித்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து 'அப்பாக்களுக்கு உதவுங்கள்' என்று நான் கேட்பதில்லை. பிள்ளையைப் பார்க்கப் போய்வர ஒரு பயணச் செலவு, சந்திப்பு அறைக்கு ஒரு மணி நேர வாடகை, பிள்ளை தங்க வந்தால் படுக்க ஒரு மெத்தை என்று கேட்கிறேன். கேட்பவர் மனதில் அந்த மெத்தை வந்துவிட்டால் போதும். தொலைபேசி உதவிக்குத்தான் பணம் கிடைப்பது கஷ்டம், காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளையின் பிறந்தநாள் ராத்திரியில் தனியாக இருப்பவர் அந்த எண்ணைத்தான் கூப்பிடுகிறார். அதற்கு மாதாமாதம் கொஞ்சமாகத் தருகிறவர்கள் வேண்டும். எப்போதோ வரும் பெரிய தொகையை நம்பி ராத்திரியில் பேச ஆள் போட முடியாது.

அழுகிற பிள்ளையின் படம் போட்டால் வசூல் கூடும் என்று ஒரு நலம்விரும்பி சொன்னார். மறுத்துவிட்டோம். வழக்கு நடக்கும்போது அந்தப் படமே வழக்கில் வந்து நிற்கும். பிள்ளையும் ஒருநாள் பெரியவனாகி அதைப் பார்ப்பான்.

*

மேலே எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. இப்படி ஒரு உதவியைப் பெற்ற அப்பா நான். மேற்பார்வையாளர் இருக்கும் அறையில், மாதம் இரண்டு முறை மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவு. முதல் நாள் அவள் என் பக்கமே வரவில்லை, பொம்மை அலமாரிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை, கிளம்பும் நேரத்தில், ஒன்றும் சொல்லாமல் காலை நீட்டினாள். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. கட்டிவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரோ முகம் தெரியாதவர் பணம் கட்டியிருக்கிறார்.

இப்போது மகள் வாராவாரம் என்னிடம் வருகிறாள். உண்டியல் எண்ணும் வேலையை நான் செய்கிறேன். எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் சீலை உடைப்போம், தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் அந்தத் தாளைக் காட்ட எனக்குத் தயக்கமே இல்லை.

வரும் தந்தையர் தினத்துக்கு நானும் உண்டியலோடு நிற்கிறேன். அன்று மகள் வரும் நாள், அதனால் மதியத்துக்கு மேல்தான் வர முடியும்.