வரிப் போர்வை முறம் மாதிரி ஆகுது, ஒரு வழி சொல்லுங்க

அக்காமாரே, முழுப்பரீட்சை லீவுல தங்கச்சி பிள்ளைக்கு ஒரு குரோஷா போர்வை ஆரம்பிச்சேன். நாலு எம்எம் ஊசி, காட்டன் நூல், வெள்ளையும் நீலமும் ரெண்டு ரெண்டு வரி. வரிக்கு 120 டபுள் குரோஷா தையல். இப்போ 26 வரி ஆச்சு, எண்ணிப் பார்த்தா 111தான் இருக்கு! கீழ அகலம், மேல குறுகல், முறமேதான்.

ஒரு வரி முடிஞ்சு திருப்பும்போது போடுற மூணு செயினை (சங்கிலித் தையலை) அடுத்த வரியோட முதல் தையலா எண்ணுறேன். ஆனா திரும்பி வரும்போது வரி முடிவுல அந்தச் செயினோட தலையில குத்த மறந்துபோவுது, வெள்ளை நூல்ல அது கண்ணுக்கே தெரியல. அங்க ஊக்கு மாட்டி வைக்கவா, வேற வழி உண்டா?

மாமி, "சுத்தி பார்டர் போட்டா சரியாயிரும்"ங்குறாங்க. ஒன்பது தையலை பார்டர் மறைக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. பிரிக்கணும்னா சொல்லிருங்க, அழுதுட்டுப் பிரிச்சிருவேன்.

இன்னொண்ணு. நீல நூல் தீர்ந்துபோச்சு. வடசேரியில வாங்கின கடையில இப்ப வேற லாட் (வேற தடவை சாயம் போட்ட நூல்), பக்கத்துல வச்சா சாம்பல் அடிக்குது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் காட்டன் நூல் எங்க நல்லா கிடைக்கும்?

1820கள்லேயே மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா லேஸ் பின்னக் கத்துக்கொடுத்த நாகர்கோவில்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்க வெக்கமாத்தான் இருக்கு. எங்க ஆச்சி இருந்திருந்தா ஊசியாலயே கையில ஒண்ணு வச்சிருப்பா. ஆனி மாசம் பேறுகாலம், சீக்கிரம் சொல்லுங்க.