ஐஎன்எஸ் சென்னை: 10 வருஷம் ஏன்?

கேள்வி: ஐஎன்எஸ் சென்னை போர்க்கப்பலுக்கு மும்பை மசகான் கப்பல்தளத்தில் 2006-ல் வேலை தொடங்கி 2010-ல் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், கடற்படையில் சேர்ந்ததோ 2016 நவம்பரில். நடுவில் 6 வருஷம் என்னதான் செய்தார்கள்?

கடலோடி: இறக்கும்போது அது பெரும்பாலும் வெறும் கூடுதான் சார். கேபிள், குழாய், ரேடார், ஏவுகணைக் குழாய்கள் எல்லாம் அப்புறம்தான் ஏறும், ஒன்று தாமதமானால் பின்னால் வருவதும் நிற்கும்.

உப்புக்காற்று: ரஷ்ய எஃகு தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதன் வான் பாதுகாப்பு ஏவுகணையான பராக்-8ஐயே 2015 டிசம்பரில்தான் இதே வகையின் மூத்த கப்பலான ஐஎன்எஸ் கொல்கத்தாவிலிருந்து ஏவிப் பார்த்தார்கள்.

கடலோடி: அதுவும் சரி. ஆனால் 2024 ஜனவரியில் சோமாலியா பக்கம் லீலா நார்ஃபோக் சரக்குக் கப்பலின் 21 பேரை மீட்க ஐஎன்எஸ் சென்னை போனபோது அதிலுள்ள 16 பிரம்மோஸ் ஏவுகணைகளில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை, மார்கோஸ் என்ற கடற்படைக் கமாண்டோ வீரர்கள் ஏறித் தேடினார்கள், அவ்வளவுதான்.