ஸ்டாட்டின்: ‘கொழுப்புக் கரைப்பி’ வேண்டாம், ‘தகைப்பி’ எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துக் குடும்பத்துக்குத் தமிழில் ‘கொழுப்புக் கரைப்பி’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். நாவுக்கு எளிதான சொல்தான். ஆனாலும் இதை ஏற்கவே கூடாது என்பேன். இந்த மருந்து எதையும் கரைப்பதில்லை. கல்லீரல் உயிரணுக்கள் கொலஸ்ட்ராலை ஆக்கும்போது, தொடக்கப் படிகளில் ஒன்றை நடத்தும் நொதியைப் பிடித்து வைக்கிறது. அதனால் ஆக்கம் குறைகிறது. தட்டுப்பாட்டை ஈடுகட்ட அந்த உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் கூடுதல் ஏற்பிகளை (துகள்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை) நிறுத்தி, கொலஸ்ட்ராலைச் சுமந்தபடி இரத்தத்தில் திரியும் எல்.டி.எல். துகள்களை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் அளவு இறங்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கரைப்பி என்று சொல்லிவிட்டால், ‘கரைந்தாயிற்று, இனி எதற்கு மாத்திரை?’ என்று ஒருவர் தாமே நிறுத்திவிடக்கூடும். மாத்திரையை நிறுத்தினால் ஆக்கம் பழையபடி ஏறிவிடும். கலைச்சொல் தவறினால் நோயாளியின் புரிதலும் தவறும் என்பதே என் கவலை.

மூலப்பெயரில் கொழுப்பு என்ற பொருளே கிடையாது. ‘ஸ்டாட்’ என்பது நிற்றல், நிறுத்தல் பொருளுள்ள கிரேக்க வேர். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஏறத்தாழ 6000 நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையில் கண்ட பொருள்தான் இக்குடும்பத்தின் முதல்வன். சில பூஞ்சைகள் தம்மோடு போட்டியிடும் உயிர்களின் ஸ்டீரால் (கொலஸ்ட்ரால் சேர்ந்த வேதிப்பொருள் வகை) ஆக்கத்தை முடக்கித் தற்காத்துக்கொள்ளலாம் என்று அவர் ஊகித்துத் தேடினார். தேடலின் கருவே ‘தடுத்து நிறுத்தல்’. 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லோவாஸ்டாட்டினும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்ததே.

அப்படியானால் ‘நிலைப்பி’ எனலாமா? தெர்மோஸ்டாட்டை வெப்பநிலைப்பி என்கிறோம், வேரும் ஒன்றே. ஆனால் ‘கொழுப்பு நிலைப்பி’ என்றால் கொழுப்பை நிலைக்கச் செய்வது என்றல்லவா பொருள்படும்!

என் பரிந்துரை: தகைப்பி. தகைத்தல் என்றால் தடுத்தல், அடக்குதல். அகராதிகளில் உறங்கும் நல்ல வினை. ‘தடுப்பி’ ஏற்கெனவே பல பொருள்களுக்குப் பங்குபோடப்பட்டுவிட்டது. தகைப்பியோ ஒரே மருந்துக் குடும்பத்துக்கு என்று ஒதுங்கி நிற்கும். விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கொலஸ்ட்ரால் தகைப்பி’. இங்கும் கொழுப்பு என்ற சொல்லைத் தவிர்க்கிறேன், ஏனெனில் கொலஸ்ட்ரால் எண்ணெய், நெய் போன்ற கொழுப்பன்று, அது ஒரு ஸ்டீரால். பித்தக்கல்லில் முதலில் கண்டதால், பித்தம், திண்மை என்ற இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்குப் பெயரிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘ஸ்டாட்டின்’ என்று முடியும் இடமெல்லாம் தகைப்பி என்று மாற்றிவிடக் கூடாது. நிஸ்டாட்டின் பூஞ்சைக்கொல்லி மருந்து. அது நியூயார்க் மாநிலத்தின் பெயரிலிருந்து பிறந்தது. சொமட்டோஸ்டாட்டின் உடலே சுரக்கும் ஹார்மோன். எனவே தகைப்பி குடும்பப் பெயராக மட்டும் இருக்கட்டும். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற தனிப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விட வேண்டும்; மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரும் நம் கட்டுரையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போவது உயிர்காக்கும் தேவை.

தகை என்றதும் தகைமை, அழகு என்ற பொருள்கள் சிலருக்கு முந்திக்கொண்டு வரலாம். அது பெரிய இடையூறு என்று கருதுவோர் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்