இரண்டு திருகாணி போதும் என்று நினைத்திருந்தேன்

என் மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) அதற்கான கூண்டில் நான்கு ஆண்டுகளாக ஒரு பக்கத்தில் இரண்டு திருகாணிகளை மட்டும் போட்டு நிறுத்தி வைத்திருந்தேன். மறுபக்கத் திருகாணிகளைப் போட வேண்டுமானால் மதர்போர்டுக்குப் பின்னால் உள்ள மூடியையும் கழற்ற வேண்டும். அங்கே திணித்து வைத்திருந்த கேபிள்கள் எல்லாம் வெளியே சரிந்துவிடும் என்பதால் அதைத் தொடவே மனம் வரவில்லை.

அதே கூண்டில் இரண்டாவது வன்தட்டைச் சேர்த்த அன்றிரவே ஒரு ரீங்காரம் தொடங்கியது. சீரான ஒலியாக இருந்திருந்தால் காது பழகியிருக்கும். இதுவோ சில நொடிகள் ஓங்கி, பிறகு தணிந்து, மீண்டும் ஓங்கியது. மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் கூண்டை விரலால் அழுத்தியபோது ஒலி சட்டென்று அடங்கியது. இரண்டு தட்டுகளும் நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்பவை; ஆனால் அவற்றின் வேகம் மயிரிழை அளவு வேறுபடுவதால், இரண்டின் அதிர்வுகளும் ஒரு சமயம் கூடியும் மறுசமயம் ஒன்றையொன்று தணித்தும் கேபினெட்டின் தகட்டையே முழங்க வைக்கின்றன.

பழைய திருகாணிகள் விரலால் திருப்பியதுமே கழன்று வந்தன. அவை 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) உரிய எம்3 வகை, 3.5 அங்குல வன்தட்டுக்கு வேண்டியது 6-32 என்னும் அகன்ற மரை கொண்ட வகை. எம்3 சற்று ஒல்லியானது என்பதால், துளைக்குள் போய் நிற்பதுபோலத் தோன்றுமே தவிர மரையைப் பற்றாது. (6-32 திருகாணியை எஸ்எஸ்டியில் வலிந்து முறுக்கினால் துளையின் மரை அழிந்துவிடும், அந்தப் பாவத்தையும் நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.) சரியான திருகாணிகள் நான்கையும் போட்டதும் ஒலி பெருமளவு குறைந்தது, ரப்பர் வளையங்களையும் அவற்றுக்கான நீண்ட கழுத்துத் திருகாணிகளையும் பொருத்திய பிறகே முற்றிலும் நின்றது. ரப்பர் நசுங்கும் அளவுக்கு முறுக்கினால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

* * *

மேலே எழுதியவருக்கு நேர்ந்ததைவிட எனக்கு நேர்ந்தது மோசம். கூண்டில் இடம் இல்லாததால் ஒரு வன்தட்டைக் கேபினெட்டின் அடித்தளத்தில் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தேன். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு அந்த உபாயம் பெரும்பாலும் போதும். எடையும் சூடும் கொண்ட வன்தட்டுக்கு அது போதவில்லை. அறை மாற்றுவதற்காகக் கணினியைச் சாய்த்துத் தூக்கியபோது தட்டு நழுவி, தரவைக் கடத்தும் சாட்டா கேபிளில் தொங்கியது. இணைப்பானின் உள்ளே இருக்கும் எல் வடிவப் பிளாஸ்டிக் நாக்கு முறிந்துவிட்டது. தரவுகள் எல்லாம் உள்ளே பழுதின்றி இருந்திருக்க வேண்டும், ஆனால் கேபிளைச் செருகத்தான் இடமில்லை.

* * *

அதிகக் கொள்ளளவுள்ள புதிய வன்தட்டு வாங்குவோர் துளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாதிரிகளில் பக்கவாட்டின் நடுத்துளை இருப்பதில்லை. என் கூண்டு அந்தத் துளையை நம்பியே செய்யப்பட்டிருந்ததால், ஒவ்வொரு பக்கமும் ஒரு திருகாணிதான் ஏறியது. பிறகு அடிப்புறத் துளைகளில் பொருந்தும் தட்டம் ஒன்றைத் தேடிப் போட்டேன்.