உரசியதா, நொறுக்கியதா? நினைவு ஏமாற்றிய அனுபவங்கள்

மழைக்காகம்:
உளவியல் முதுகலையில் அறிதல்சார் அணுகுமுறையை, அதாவது நினைவு, சிந்தனை போன்ற மனச் செயல்களை ஆராயும் வழியை, படித்தபோது எனக்கு அது கணினிப் பாடம் போலத்தான் பட்டது. தகவல் உள்ளே போகிறது, மூளை அலசுகிறது, விடை வெளியே வருகிறது. மனிதனைப் பற்றிப் பேச வேறு உவமையே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக இருந்தது. உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனையைத் தமிழில் நடத்திப் பார்த்த நாளில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் 45 மாணவர்களுக்கு விபத்துக் காட்சிகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் இருந்த வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. ‘நொறுங்க மோதின’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி, மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். ‘தொட்டுக்கொண்டன’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8.

நான் விடுதித் தோழிகளுக்கு ஒரு காணொளியைக் காட்டி, பாதிப் பேரிடம் ‘இடித்து நொறுக்கியபோது’ என்றும் மீதிப் பேரிடம் ‘உரசியபோது’ என்றும் கேட்டேன். உரசல் கட்சியில் ஒருத்தி, “அதெல்லாம் ஒரு விபத்தா?” என்றாள். நொறுக்கல் கட்சிக்காரி ரத்தத்தைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தாள். காணொளியில் ஓர் ஆள்கூடத் தெரியாது! மனத்துக்குள் நடப்பதை அளக்கவே முடியாது என்று ஒதுக்கியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஒரு சொல்லை மாற்றினால் எண் மாறுகிறது.

கீழவீதி:
உங்கள் தோழிகள் பார்த்தது காணொளி. நான் பார்த்தது நிஜம். எங்கள் தெருமுனையில் லாரி ஒன்று ஸ்கூட்டரை இடித்தது. விசாரிக்க வந்த காவலர், “லாரி வேகமாகத்தானே வந்தது?” என்று மூன்று முறை கேட்டார். மெதுவாகத்தான் திரும்பியது என்பதில் நான் அசையவில்லை. ஸ்கூட்டரில் தொங்கிய கத்தரிக்காய்ப் பை வரை இன்றும் கண்ணில் நிற்கிறது. (லாரியின் நிறத்தைக் கேட்காதீர்கள்.)

யூலும் கட்ஷாலும் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். கனடாவில் நடந்த உண்மையான துப்பாக்கிச் சூட்டை நேரில் கண்ட 13 பேரிடம் நான்கைந்து மாதம் கழித்துப் பேசியிருக்கிறார்கள். குழப்பும் கேள்விகளையும் வேண்டுமென்றே நுழைத்தார்கள். பெரும்பாலானவற்றைச் சாட்சிகள் சரியாகவே சொன்னார்கள். குலை நடுங்கப் பார்த்ததும், வகுப்புக்கு வந்த இடத்தில் திரையில் பார்த்ததும் ஒன்றாகுமா? ஆய்வுக்கூடத்தில் அகப்படுவது ஒரு பகுதிதான்.

நோட்டுக்காரன்:
எனக்கு இந்த அறிதல்சார் அணுகுமுறை சிகிச்சையாக வந்தது. மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் வழி. மேலாளர் “பிறகு பேசலாம்” என்றால் போதும், வேலை போய்விட்டது என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிடும். ஆலோசகர் நோட்டில் எழுதச் சொன்னார்: நடந்தது என்ன, தோன்றியது என்ன, ஆதாரம் என்ன. இரண்டு மாதத்தில் தூக்கம் திரும்பியது. அப்பாவின் மருத்துவக் கடனுக்கும் அதே நோட்டை நீட்டியபோதுதான் சிரிப்பு வந்தது. அது எண்ணப் பிழை அல்ல. வட்டி மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மழைக்காகம்:
கீழவீதி, ஒரே ஒரு சந்தேகம். லாரி மெதுவாக வந்தது என்பதற்கு உங்கள் உறுதியைத் தவிர வேறு சாட்சி உண்டா?

கீழவீதி:
எதிரே மளிகைக் கடையில் கேமரா இருந்தது. கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.