வெளியே 18 டிகிரி, கார்புரேட்டரில் பனிக்கட்டியா?

கேள்வி: தனியார் விமானி உரிமத்துக்காகப் பயின்றுவருகிறேன். நேற்று 3000 அடி உயரத்தில், விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாமலேயே எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 2400-இலிருந்து 2250-க்கு இறங்கியது. பயிற்றுநர் கார்புரேட்டர் வெப்பக் குமிழை (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடுவது) முழுவதுமாக இழுத்ததும் எஞ்சின் முன்னைவிட மோசமாக உதறி, சற்று நேரத்தில் சீரானது. 18 டிகிரி வெப்பத்தில் பனிக்கட்டி எப்படிப் படியும்?

மறுமொழி 1: கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்றழுத்தம் குறைவதாலும், அங்கே ஆவியாகும் எரிபொருள் வெப்பத்தை உறிஞ்சுவதாலும், உள்வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் சரிந்துவிடக்கூடும் என்பதால், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இதமான நாளிலும் த்ராட்டில் தகட்டில் பனிக்கட்டி படியும். நீங்கள் கண்ட உதறல், உருகிய நீர் எஞ்சினுக்குள் செல்வதன் அடையாளம். அதைக் கண்டு பதறிக் குமிழை மீண்டும் உள்ளே தள்ளுவதே புதியவர்கள் செய்யும் பிழை. நானும் ஒருமுறை கையை நீட்டியவன்தான்.

மறுமொழி 2: மேலே சொன்னது சரி. ஆனால் கூடுதல் ஆபத்து, விசையைக் குறைத்து இறங்கும்போதுதான்; தகடு ஏறக்குறைய மூடியிருக்கும், எஞ்சினும் குளிர்ந்துகொண்டிருப்பதால் பனியை உருக்கத் தேவையான வெப்பமும் குறையும். ஆகவே பல விமானங்களில் த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே குமிழை இழுப்பது வழக்கம். உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதே இறுதி. தரையில் தேவையின்றி இழுத்து வைக்காதீர்கள், ஏனெனில் அந்தச் சூடான காற்று பொதுவாக வடிகட்டியைக் கடந்து வருவதில்லை.

கேட்டவர்: தரையிறங்காமல் மீண்டும் மேலேற நேர்ந்தால்?

மறுமொழி 2: முழு விசை கொடுத்ததும் குமிழை உள்ளே தள்ளுங்கள், சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஏறுவதற்கான வலு குறையும்.