பனிச்சறுக்கு ஊரில் தனியாகப் போனபோது யார் வீட்டில் சாப்பிட்டீர்கள்?

கொழிஞ்சாம்பாறைக்காரி:

குல்மர்க் போனவர்களுக்கு டங்மர்க் தெரிந்திருக்கும், காஷ்மீரின் அந்தப் பனிச்சறுக்கு ஊருக்கு ஏறும் வழியில் இருக்கும் மலையடிவார ஊர். பனி கொட்டினால் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிதான் மேலே ஏறும். அன்றைக்கு அதுவும் ஏறவில்லை. ஸ்ரீநகரிலிருந்து ஷேர் சுமோவில் வந்து இறங்கியபோதே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் பணம் கட்டியிருந்த படுக்கை 13 கிலோமீட்டர் மேலே, குல்மர்க்கில். டங்மர்க்கில் கேட்ட அறை வாடகை எதுவும் என் கைக்கு எட்டவில்லை.

நாளைக்கு ஸ்லெட்ஜ் வேண்டுமா என்று இறங்கியதிலிருந்து ஒருவர் கூடவே வந்துகொண்டிருந்தார். பனியில் உட்காரவைத்து இழுத்துப் போவார்களே, அந்த மரச்சறுக்கு. வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கடைசியில் நான் நிற்கும் நிலையைப் பார்த்துவிட்டு, தன் மனைவிக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். தனியாக நிற்கும் ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூப்பிடும்போது எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மா பேசியதில் பாதிதான் புரிந்தது. குரல் போதுமானதாக இருந்தது, போனேன்.

ஒரே அறையில் எல்லோரும். சோறு, ஹாக் கீரை, அப்புறம் கத்தரி வற்றல் குழம்பு! பனிக்காலத்தில் காய் கிடைக்காது என்று கத்தரி, சுரை, தக்காளி எல்லாவற்றையும் முன்னாடியே அரிந்து காயவைத்து விடுகிறார்கள். நம் பக்கம் சித்திரை வெயிலில் மாடியில் காயப்போடும் அதே வற்றல், அங்கே பனிக்கு. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து வற்றல் சாப்பிடுவேன் என்று நினைத்ததே இல்லை.

இன்னும் மனதில் நிற்பது காங்க்ரிதான். கூடைக்குள் மண்சட்டி, அதில் கரித்தணல், ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்வார்களே, அது. வீட்டுப் பாட்டி என் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தன் அங்கிக்குள் கைவிட்டு, வயிற்றோடு அணைத்து வைத்திருந்த காங்க்ரியை எடுத்து என் மடியில் வைத்தார். அந்த நேரத்தில் தணலோடு இருந்தது அது ஒன்றுதான். மருமகள் புதுக்கரி போட்டு இன்னொன்று மூட்டிக் கொண்டுவரும் வரை பாட்டி வெறும் கையை அங்கிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

காலையில் பணம் நீட்டினேன். அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது, மனைவி உள்ளே போய்விட்டார். சரி என்று மடக்கி வைத்தேன். பாதை திறந்ததும் மேலே போய் அவருடைய ஸ்லெட்ஜில்தான் ஏறினேன். அங்கே முதல்நாள் சொன்ன அதே விலை. கொஞ்சம் குறைக்கக் கேட்டேன், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டார். இரவுக்குக் காசு என்றதும் அப்படி வருத்தப்பட்டவர் இவர்தானா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நகரித் தறி:

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ராத்திரி சோறு போட்டால் காலையில் ஸ்லெட்ஜில் ஏறாமல் போவீர்களா? ஏறினீர்கள், விலையும் குறையவில்லை. வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குல்மர்க்கில் கொண்டோலா என்கிற ரோப்காரின் கீழ் நிலையத்தில் ஒருவர், வழிகாட்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள் என்று சொல்லிக் கூடவே ஏறினார். கட்டாயம் எதுவும் இல்லை என்று மேலே முதல் நிலையமான கொங்தூரியில் இறங்கிய பிறகு தெரிந்தது. அதைக்கூட மறந்துவிட்டேன். சாயங்காலம் நடந்ததுதான் மறக்கவில்லை. ஒரு கடைக்காரர் தெருவில் நின்ற என்னை, குளிர்கிறதே தம்பி, வாருங்கள், கஹ்வா குடியுங்கள் என்று கூப்பிட்டார். குங்குமப்பூ, ஏலக்காய், பாதாம் போட்ட சூடான கஹ்வா. உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் சால்வைகள் விரிந்தன. பஷ்மினா என்ற மலையாட்டு மென்கம்பளி, கையால் நூற்றது, கையால் நெய்தது என்றார். நான் தறி ஓசையில் பிறந்து வளர்ந்தவன். ஓரத்தை விரலில் உருட்டிப் பார்த்தால் போதும். கையால் நூற்ற நூலில் மெலிவும் தடிப்பும் மாறி மாறி வரும். இது முழுக்க ஒரே சீராக ஓடியது. விசைத்தறித் துணி. சத்தம் போடாமல் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. நான் பாதி குடித்திருந்த கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காஷ்மீர் பஷ்மினா 2008-ல் புவிசார் குறியீடு வாங்கிய நெசவு. அங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்து உண்மையாகவே நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம். ஆனால் பாதியில் எடுத்த அந்தக் கோப்பை இருக்கிறதே, அதை உபசாரம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

குப்பம் மலைநடை:

நான் போனது உத்தராகண்டில் இருக்கும் பனிச்சறுக்கு ஊரான அவ்லி. ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் நாலு கிலோமீட்டர் ரோப்வே 2023 ஜனவரியில் ஊர் மண் இறங்கிய பிறகு நின்றுவிட்டது. நான் போனது அதற்கப்புறம். திரும்பும்போது ஜீப்புக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் நடந்தே இறங்கினேன். பாதி வழியில் ஒரு டீக்கடை, வயதான அம்மா. எனக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை, அவர் மதியத்துக்கு வைத்திருந்ததிலேயே பாதியைக் கொடுத்தார். கேழ்வரகு ரொட்டியும் கொள்ளுப் பருப்பும். குப்பத்தில் களியும் கொள்ளும் தின்று வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தால், கடைக்குப் பின்னால் அவர் வீட்டுச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் போட்ட குறி. அந்த வீட்டை இழந்தவர்தான் என் தட்டில் இரண்டாவது ரொட்டி வைத்தார். டீக்கு மட்டும் பணம் வாங்கினார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறை அக்கா இருட்டிய பிறகு டங்மர்க்கில் இறங்கியது ஆபத்து. டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் அங்கே சில்லாய் கலான், குளிரின் உச்சம், எந்தப் பாதையும் எப்போது வேண்டுமானாலும் மூடும். மதியத்துக்குள் டங்மர்க் சேர்ந்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஸ்ரீநகரிலேயே தங்குங்கள், அங்கே மலிவான அறைகள் உண்டு. நம் ஊர் பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். கொண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், வரிசையில் நின்று தேடினால்தான் தரகர்கள் வருவார்கள். பருத்தி பனியனை உடம்போடு ஒட்டிப் போடாதீர்கள், நனைந்தால் காயாது, குளிர் உள்ளே இறங்கும். கம்பளியோ செயற்கை நூலோ போடுங்கள். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை, பனி மேல் படும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும். பாலக்காடு பக்கத்து ஆட்களுக்கு ஜம்முவுக்கு அப்பால் கத்ரா வரை வாராந்திர ஹிம்சாகர் ரயில் இருக்கிறது. 2025 ஜூனிலிருந்து கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது, ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் பனிஹால் சாலை மூடினால் பழைய மாதிரி ஜம்முவில் கிடக்க வேண்டியதில்லை. ரொம்ப முக்கியம், தனியாகப் போகிறவர்கள் குறிபோட்ட சறுக்குப் பாதையை விட்டு குல்மர்க்குக்கு மேலே இருக்கும் அஃபர்வத் மலைச் சரிவில் இறங்கவே வேண்டாம். 2023, 2024 இரண்டு பிப்ரவரியிலும் குல்மர்க்கில் பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்குக்காரர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்கள் நம்மைவிட எவ்வளவோ பழகியவர்கள்.

சூரியநெல்லி லைன்வீடு:

நான் பனிச்சறுக்குக்குப் போனதில்லை. ஆனால் நகரி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் அந்தப் பக்கம் இருக்கிறவர்கள், வருகிறவர்களுக்குக் கதவு திறக்கிற பக்கம்.

எங்கள் டீ எஸ்டேட் வழியாகத்தான் கொழுக்குமலை ஜீப் போகும். மலை தமிழ்நாடு, பாதை கேரளா, ஓட்டுவது எங்கள் வீட்டுப் பிள்ளைகள். அண்ணனும் ஓட்டுகிறான். ஒரு மழை ராத்திரி, போடிமெட்டு வழியாக சைக்கிளில் வந்த ஒரு வடக்கத்திப் பையன் எங்கள் லைன்வீட்டு வாசலில் வந்து நின்றான். உதடு நீலம். அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து அப்போதுதான் காலை நீட்டியிருந்தார். எழுந்து கட்டன் டீ போட்டு, கஞ்சியும் பயறும் கொடுத்து, அப்பாவின் கம்பளியைக் கொடுத்துப் படுக்கவைத்தார். காலையில் அவன் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்றான். அன்றைக்கு அண்ணனுடைய முறை. ஏற்றிக்கொண்டு போனான், வழக்கமான வாடகை வாங்கினான்.

எப்படி வாங்காமல் இருப்பான்? ஸ்டாண்டில் வரிசை இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே ரேட். ஒருவன் குறைத்தால் பின்னால் நிற்கிறவனுடைய பிழைப்பு போகும். டீசல் இருக்கிறது, ஜீப் தவணை இருக்கிறது. கஞ்சி அம்மாவுடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார். ஜீப் ஸ்டாண்டுக்குக் கட்டுப்பட்டது. அந்த ஸ்லெட்ஜ்காரரும் இப்படி ஒரு வரிசையில் நிற்கிறவராகத்தான் இருப்பார், எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

அந்தப் பையன் ஊருக்குப் போய் என்ன எழுதினான் தெரியுமா? இந்தக் குடும்பம் சாப்பாடு போட்டு ஆளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுகிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்று. அண்ணன் போனில் படித்துவிட்டு அன்று முழுக்க வண்டி எடுக்கவில்லை. அந்தத் தம்பி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தானா, ஏதாவது எழுதினானா என்று அம்மா கேட்டார். நல்லபடியாகச் சேர்ந்துவிட்டான் என்று மட்டும் சொன்னோம். நீங்கள் எழுதியதும் கிட்டத்தட்ட அதே வரிதான் அண்ணா.

நகரித் தறி:

தங்கச்சி, உங்கள் அம்மாவை நான் சொல்லவில்லை. அந்தப் பையன் எழுதியது பாவம். ஆனால் ஸ்டாண்டில் வரிசை இருக்கிறது, ரேட் இருக்கிறது, கேட்கிறவருக்கு முன்னாடியே தெரிகிறது. என்னைக் கூப்பிட்ட கடையில் ரேட்டும் இல்லை, உண்மையும் இல்லை. சோற்றை வியாபாரத்துக்குத் தூண்டில் ஆக்குகிறவர்கள் இருப்பதால்தான் உங்கள் அம்மா கொடுத்த கஞ்சியின் மீதும் சந்தேகம் வருகிறது. கோப்பை விஷயத்தில் நான் மாறமாட்டேன்.

குமுளிச் சந்தை:

தேக்கடி ரோட்டில் காஷ்மீர்க் கடைகள் எத்தனை இருக்கிறது என்று எங்கள் ஊர் வந்தவர்களுக்குத் தெரியும். குல்மர்க் மைதானத்தில் பத்துப்பேர் என்னைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். கேரளா, குமுளி என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "சாயா குடிச்சோ?" என்றார். மலையாளத்தில்! திரும்பிப் பார்த்தால் ஃபெரன் போட்ட ஒரு காஷ்மீரி. சின்ன வயதில் எங்கள் தெருவிலேயே ஒரு சால்வைக் கடையில் வேலைக்கு இருந்தவராம். ஓணத்துக்குப் பக்கத்து வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு போட்டதை, யார் வீடு என்பது வரை சொன்னார். மற்றவர்களை விலக்கிவிட்டு நேராக வீட்டுக்குக் கூட்டிப்போய் உப்புப் போட்ட இளஞ்சிவப்பு டீயும் ரொட்டியும் கொடுத்தார். அந்த உப்பு டீ எனக்கு இறங்கவில்லை, குடித்து முடித்தேன்.

2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைக் கொன்ற பிறகு அவருக்கு போன் செய்தேன். வருகிறேன் என்றவர்கள் எல்லோரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார். நகரி அண்ணா, சூழ்ந்து நிற்கிற கூட்டத்தைப் பார்த்து எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. வருஷத்தில் சில மாதம்தான் அவர்களுக்குக் கையில் காசு. அந்த மாதங்களிலும் ஆள் வராமல் போனால் வேறு என்ன செய்வார்கள்?

கொழிஞ்சாம்பாறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சூரியநெல்லித் தங்கையின் பதிவை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நகரித் தம்பி, ஸ்லெட்ஜில் ஏறச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் ஏறினேன். குப்பம் அண்ணா, இருட்டுவதற்குள் சேர வேண்டும் என்பது சரிதான், சுமோ நிரம்பிக் கிளம்பவே மதியம் தாண்டிவிட்டது.

அந்த வீட்டு முகவரி கேட்டுச் சிலர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். தரமாட்டேன். அது ஹோம்ஸ்டே இல்லை, ஒரே அறையில் அவர்கள் எல்லோரும் தூங்குகிறார்கள். ஸ்லெட்ஜ்காரரிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் அவருடைய எண்ணை மட்டும் தருகிறேன். விலை குறைக்கச் சொல்லி அவரிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.